ஏரிக்கு சிஎஸ்ஆர் நிதி கேட்கும் முன்

கேள்வி: மேடவாக்கம் பக்கம் எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓர் ஏரி. நலச்சங்கத்தார் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பை அள்ளுகிறோம். ஆகாயத்தாமரை மட்டும் கைக்கு அடங்கவில்லை. ஓ.எம்.ஆரில் இத்தனை கம்பெனிகள் இருக்கின்றனவே, சிஎஸ்ஆர் எனப்படும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நீங்கள் முதலில் ஏற வேண்டிய படி கம்பெனியுடையது அல்ல, ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுடையது. சென்னைச் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும், பக்கத்துக் குளம் ஊராட்சியிடமோ மாநகராட்சியிடமோ இருக்கும். கோயில் குளமென்றால் அறநிலையத்துறை, பள்ளிக்கரணை சதுப்பு நிலமென்றால் வனத்துறை. சர்வே எண்ணை வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அந்தத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி கையில் இல்லாமல் போனால், எவ்வளவு நல்ல திட்டமானாலும் கம்பெனி மேசையில் தூங்கும்.

அடுத்து, கம்பெனி ஏன் தர வேண்டும், உங்கள் சங்கம் அதை வாங்க முடியுமா என்பது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, தன் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நீர்நிலை, தாவரம், விலங்கினப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தன் அலுவலகம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஏரிக்கு இது பெரிய பலம். விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

ஆனால் பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், இதே போன்ற பணியில் மூன்றாண்டு அனுபவமும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பெறும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கங்களிடம் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. இதற்காகப் புதிதாக ஓர் அறக்கட்டளை தொடங்கி மூன்று வருடம் காத்திருக்காதீர்கள். இந்தப் பதிவுகள் உள்ள ஒரு சூழல் அமைப்போடு சேருங்கள். பணம் அவர்கள் கணக்கில் வரட்டும், கண்காணிப்பு உங்களிடம் இருக்கட்டும். அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "ஐயாயிரம் மரக்கன்று" என்று கேட்டால் உடனே கிடைக்கும், ஒரு காலைப் பொழுதில் நட்டும் முடித்துவிடுவார்கள். அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. மனம் கசந்து சொல்கிறேன், அப்படிக் காய்ந்த கன்றுகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன். தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை தொடரும் திட்டங்களுக்கு விதிகளில் இடமுண்டு. அதையே கேளுங்கள். காவலாளி சம்பளம், ஆகாயத்தாமரையைத் திரும்பத் திரும்ப அள்ளும் செலவு, வரத்துக் கால்வாய் பராமரிப்பு எல்லாம் மதிப்பீட்டில் வர வேண்டும். கழிவுநீர் கலப்பது நிற்காதவரை ஆகாயத்தாமரை வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே கழிவுநீர் நுழையும் இடங்களை அடையாளம் காட்டும் வரைபடமும் திட்டத்தோடு போகட்டும்.

கரையைச் சுற்றி கான்கிரீட் நடைபாதை போட்டுத் தருகிறோம் என்பார்கள். ஏரியின் பரப்பைக் குறைக்கும் எதற்கும் தலையாட்டாதீர்கள். தூர்வாரும்போது முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்ட விடாதீர்கள், உள்ளானும் நாரையும் இரை தேடுவது ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில்தான். கரையில் பூவரசு, புங்கை, நீர்மருது, நாவல் போதும்.

காலக்கணக்கும் முக்கியம். கம்பெனிகளின் ஆண்டுத் திட்டம் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கானது. டிசம்பர், ஜனவரியிலேயே அவர்களிடம் பேசிவிட்டால், பணம் வந்து கோடையில் தூர்வாரி, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் கன்று நடலாம். ஆகஸ்டில் போய்க் கேட்டால் மழை முந்திக்கொள்ளும், அந்த வருடம் போய்விடும்.

இதற்கிடையில் காசில்லாமல் ஒரு வேலை செய்யலாம். தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வரும் பொங்கலுக்கு உங்கள் ஏரியையும் அதில் சேருங்கள். வேலை தொடங்குமுன் அங்கே என்னென்ன பறவைகள் இருந்தன என்ற அந்தப் பட்டியலை விண்ணப்பத்தின் பின்னிணைப்பாக வையுங்கள்.