யார் உடம்புக்கு எந்த மூலிகை? மன அழுத்தம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு ஒரு சித்த மருத்துவரின் பதில்கள்

மன அழுத்தத்துக்கு எந்த மூலிகை நல்லது என்று கேட்டுத்தான் இம்முறை அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். பலர் 'அடாப்டோஜென்' என்ற சொல்லையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உடம்பும் மனமும் நெருக்கடியைத் தாங்கிச் சமநிலைக்குத் திரும்ப உதவும் பொருள் என்ற அர்த்தத்தில் 1947-இல் சோவியத் விஞ்ஞானி நிக்கோலாய் லாசரேவ் முன்வைத்த கருத்து அது. நம் அமுக்கராவும் துளசியும் வல்லாரையும் பிற்காலத்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டன. பட்டியலைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள். உங்கள் தூக்கம், பசி, மலம், சூடு இவற்றைப் பார்த்து வாங்குங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் நான் சொல்வது இதைத்தான்.

கோவை, ஐ.டி. ஊழியர், வயது 29: ஒல்லியான உடம்பு. இரவு இரண்டு மணி வரை தூக்கம் வராது, வந்தாலும் நடுவில் விழிப்பு. கை கால் சில்லென்று இருக்கும், வாயு, மலச்சிக்கல். மனதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறது. அசுவகந்தா மாத்திரை எனக்குச் சரிவருமா, டாக்டர்?

சித்த மருத்துவம் உடம்பை வாதம், பித்தம், கபம் என்ற மூன்றை வைத்துப் பார்க்கும். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் வாதம் மிகுந்ததன் குறிகள். அசுவகந்தா என்பது நம் அமுக்கராக் கிழங்குதான். வெப்ப வீரியம் உடையது, உடம்பைத் தேற்றும், தூக்கம் தரும். உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

ஆய்வும் இருக்கிறது. 2012-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், நீண்ட நாள் மன அழுத்தம் இருந்த 64 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு மாத்திரையைத் தினம் இருவேளை 60 நாள் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு அழுத்த மதிப்பெண்ணும் ரத்தத்தில் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனின் அளவும் குறைந்தன. ஆனால் அந்த 64 பேரையும் வாதம், பித்தம் என்று தேகம், அதாவது உடம்பு வாகு, பார்த்துச் சேர்க்கவில்லை. ஆகவே, 'வாத தேகிக்குத்தான் அமுக்கரா வேலை செய்யும் என்று நிரூபித்துவிட்டார்கள்' என யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேகக் கணக்கு உதவுவது வேறு இடத்தில்: எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும், எதனுடன் சாப்பிட வேண்டும், எந்த நேரத்தில், எவ்வளவு என்று முடிவு செய்ய.

உங்களுக்கு மாத்திரையைவிடப் பொடியே மேல். சுத்தி செய்த பொடியாக வாங்குங்கள். சுத்தி என்றால், ஒரு பானையில் பாலும் சம அளவு தண்ணீரும் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் அமுக்கராப் பொடியைப் பரப்பி, மேலே சட்டியால் மூடிப் பிட்டு அவிப்பதைப் போல அவிப்பார்கள். பிறகு காயவைத்து, மறுபடி இடித்துச் சலிப்பார்கள். இப்படிச் செய்த பொடியின் கார நெடி தணிந்திருக்கும். ஒரு கிராமில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் மூன்று கிராம் வரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பான பாலில் குடியுங்கள். முதல் வாரத்திலேயே மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம், சில வாரம் ஆகும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அமுக்கராவைத் தொடக்கூடாது. தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சேர்க்கக்கூடாது.

அப்புறம் ஒன்று. நேரத்துக்குச் சாப்பிடாமல், மாலை ஆறு மணிக்குமேல் காபியும் குடித்துக்கொண்டு அமுக்கராவை மட்டும் விழுங்கினால் பலன் இருக்காது. வாதத்துக்கு எண்ணெய் வேண்டும். புதனும் சனியும் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கும் வழக்கத்தை நம் ஊர் ஆண்கள் விட்டுவிட்டார்கள். விடுமுறை கிடைக்கும் சனிக்கிழமையிலிருந்தாவது தொடங்குங்கள்.

சேலம், சொந்தத் தொழில், வயது 42: எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அடிக்கடி வாய்ப்புண், நெஞ்செரிச்சல், முடியும் சீக்கிரம் நரைத்துவிட்டது. டென்ஷனுக்கு நல்லது என்று நண்பர் சொல்லி அமுக்கரா சூரணம் சாப்பிட்டேன். எரிச்சல் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். மருந்து போலியா?

மருந்து சரியானதாகவே இருக்கலாம். உங்களுக்கான மருந்து அது இல்லை.

அமுக்கரா சூரணம் என்பது வெறும் அமுக்கராப் பொடி அல்ல. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரண்டு மடங்காகப் போகும் அளவு. ஐந்து கிராம் சூரணத்தில் ஏறக்குறைய இரண்டரை கிராம் சர்க்கரைதான். அமுக்கரா ஒன்றேகால் கிராம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். வாயு உள்ளவருக்கும் கபம் கட்டியவருக்கும் இந்தக் காரம் நல்லது. ஏற்கெனவே வயிறு எரிகிற பித்த தேகிக்கு வெப்பமான கிழங்கோடு திரிகடுகு எனப்படும் இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் எரியாமல் என்ன செய்யும்? சர்க்கரை நோயாளிகளும் இந்த அளவைக் கவனிக்க வேண்டும். சூரணத்தில் பாதி சர்க்கரை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உங்களுக்குக் குளிர்ச்சியான வழிதான் சரி. வல்லாரை, தண்ணீர்விட்டான் கிழங்கு, நெல்லிக்காய் மூன்றும் தட்ப வீரியம் உள்ளவை. வல்லாரையை மருந்தாக இல்லாமல் கீரையாகவே தொடங்குங்கள். ஒரு கைப்பிடி இலையைக் கழுவி, கொஞ்சம் நெய்யில் சுருள வதக்கி, தேங்காய், உளுத்தம்பருப்பு, ஒரே ஒரு மிளகாய் வைத்து அரைத்து, மதியச் சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். புளியை ஒதுக்கிவிடுங்கள், உங்கள் வயிற்றுக்கு அது வேண்டாம். தண்ணீர்விட்டான் கிழங்கை லேகியமாக வாங்கினால் அதிலும் இனிப்பு இருக்கும். பொடியாக வாங்கிப் பாலில் கலக்கலாம்.

நெஞ்செரிச்சல் என்று நீங்கள் சொல்வது மாடி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படி வந்தால் அதைப் பித்தம் என்று ஒதுக்காமல் உடனே இதய மருத்துவரைப் பாருங்கள். 42 வயதில், டென்ஷன் உள்ள ஒருவருக்கு, இதை நான் கேட்காமல் விடமாட்டேன்.

நாகர்கோவில், வயது 33: குழந்தைக்கு எட்டு மாதம். எடை கூடிக்கொண்டே போகிறது. எவ்வளவு தூங்கினாலும் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. எனக்குக் கப உடம்பு என்கிறார்கள். துளசியும் ஜின்செங்கும் கலந்த மாத்திரை சாப்பிடலாமா?

அம்மா, இப்போது மாத்திரை வேண்டாம். பாரம், மந்தம், அதிகத் தூக்கம் எல்லாம் கபக் குறிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் தைராய்டு குறைவதும், ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இதே முகத்தோடுதான் வரும். முதலில் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் பரிசோதனை இரண்டையும் பாருங்கள். அழுகையைப் பற்றி உங்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது உங்கள் சோம்பலோ தாய்மைக் குறையோ அல்ல, சிகிச்சையால் சரியாகும் ஒரு நோயாக இருக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்றோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ நினைப்பு வந்தால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் இலவச எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஜின்செங், அமுக்கரா இரண்டையும் நீங்களாகத் தொடங்கக்கூடாது. சமையலில் இஞ்சி, மிளகு, சீரகம் தாராளமாகச் சேரட்டும். எப்போதாவது நாலு துளசி இலை போட்ட வெந்நீர் குடிப்பதில் தவறில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: காலையில் அரை மணி நேரம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, இவரை வெயிலில் நடக்க விடுங்கள். கபத்துக்கு அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.

மதுரை, அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், வயது 24: பிராமி சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடும், பதற்றம் குறையும் என்கிறார்கள். கடையில் கேட்டால் ஒருவர் வல்லாரைப் பொடியைத் தருகிறார், இன்னொருவர் வேறு ஏதோ தருகிறார். எது சரி?

வடநாட்டில் சில இடங்களில் வல்லாரையையும் பிராமி என்பார்கள், அதனால் வரும் குழப்பம் இது. நினைவாற்றலுக்காக அதிகம் ஆராயப்பட்டது நீர்ப்பிரமி. ஈர வயல், குளக்கரைகளில் படரும். சின்னஞ்சிறிய, சதைப்பற்றான இலை, வெளிறிய பூ. வல்லாரை இலையோ நீண்ட காம்பின் நுனியில் வட்டமாக, காம்பு சேரும் இடத்தில் பிளந்திருக்கும். பொடியில் இந்த வித்தியாசம் தெரியாது என்பதால் பாக்கெட்டில் தாவரப் பெயரைப் பாருங்கள்: நீர்ப்பிரமி 'பாக்கோபா', வல்லாரை 'சென்டெல்லா'.

நீர்ப்பிரமி ஆய்வுகள் பெரும்பாலும் 12 வாரம் நடந்தவை. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்கிப் பயனில்லை. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டல், வயிற்றுப்போக்கு வரும். சாப்பாட்டுக்குப் பின் நெய்யோ பாலோ சேர்த்துச் சாப்பிடுங்கள். நாடித்துடிப்பு இயல்பிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு வேண்டாம்.

திருச்சி வாசகர்: அப்பாவுக்கு வயது 66. பி.பி., சுகர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். ஓய்வு பெற்றதிலிருந்து மனசு சரியில்லை. அமுக்கரா, அதிமதுரம், சீந்தில் எல்லாம் கலந்த 'ஸ்ட்ரெஸ்' கேப்சூல் வாங்கிக் கொடுத்தேன். தொடரலாமா?

நிறுத்திவிடுங்கள். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு நாள் வாயில் அடக்கிக்கொள்வது வேறு, தினம் கேப்சூலாகப் போவது வேறு. அமுக்கராவும் சீந்திலும் சர்க்கரையை இறக்கக்கூடியவை. மாத்திரையோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். இப்படி ஏழெட்டுச் சரக்கைக் கலந்த கேப்சூலை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்றே கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் அப்பாவுக்கு மூலிகையைவிடத் தினம் போய்வர ஓர் இடமும், பேச நாலு பேரும் தேவைப்படுகிறார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது.

டென்மார்க்கிலிருந்து ஒரு வாசகி: டொக்டர், அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அமுக்கிராத் தூள் அனுப்பிவிடுகிறவ. இங்கே அது தடையாம். அப்படியெண்டால் அது நஞ்சா?

நஞ்சு இல்லை. ஆனால் உங்கள் நாடு காரணமில்லாமல் தடுக்கவும் இல்லை. தைராய்டு, பாலியல் சுரப்பிகளை அது பாதிக்கக்கூடும் என்ற கவலையில் 2023-இல் டென்மார்க் அமுக்கராவைத் தடை செய்தது. இதைத் தவிர, அமுக்கரா எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாகப் பல நாடுகளிலிருந்து மருத்துவக் குறிப்புகள் வந்துள்ளன. எண்ணிக்கையில் அரிது, ஆனால் உண்மை. சீந்திலிலும் இதே எச்சரிக்கை உண்டு. கொரோனா காலத்தில் அளவில்லாமல் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது. அமுக்கராவில் வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்கக்கூடாது என்று நம் ஆயுஷ் அமைச்சகமே 2021-இல் அறிவுறுத்தியது.

அமுக்கரா எடுக்கும் யாருக்காவது தோல் அரிப்பு, சிறுநீர் மஞ்சளாகக் கறுத்துப் போவது, கண்ணில் மஞ்சள், சாப்பாட்டைக் கண்டால் குமட்டல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தை மீறி வரவழைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் ஊர் வல்லாரைச் சம்பலை யாரும் தடுக்கப்போவதில்லை. கீரை கிடைக்கும் நாளில் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுச் சாப்பிடுங்கள்.

சென்னை வாசகி: இணையத்தில் ஒரு சோதனையில் எனக்கு வாதம் என்று வந்தது, இன்னொன்றில் பித்தம். எதை நம்புவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். கலப்பில்லாத ஒற்றைத் தேகம் அரிது, பெரும்பாலோர் இரண்டு கலந்த தொந்த தேகிகள்தான். பிறவி தேகம் ஒன்றாகவும் இப்போது மிகுந்திருப்பது வேறாகவும் இருக்கும். சித்திரை வெயிலில் இரவு வேலை பார்க்கும் வாத உடம்புக்காரரும் பித்தக் குறிகளோடு வருவார். ஒரு வாரம் தூக்கம், பசி, மலம், சிறுநீரின் நிறம், எப்போது எரிச்சல் வருகிறது என்பதைக் குறித்து வையுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவுக்கு அந்தத் தாளோடு போனால், நாடி பார்ப்பவருக்கும் வேலை எளிதாகும்.

ஈரோடு வாசகர்: எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? மனநல மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

ஒரு நேரத்தில் ஒரே மூலிகை, ஒரு மண்டலம், அதாவது 48 நாள். பிறகு இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் தூக்கம் நன்றாக இருந்தால் வேலை முடிந்தது. 48 நாளிலும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் வேறு கம்பெனி மருந்து தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள்.

மனநல மாத்திரையைத் திடீரென்று விடவே கூடாது. தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். குறைக்க வேண்டுமானால் எழுதிக்கொடுத்தவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். அவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் சூரணம், லேகியம், கேப்சூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வையுங்கள்.