சிந்து நதி ஒப்பந்தத்தில் பங்கு தெளிவாகப் பிரிந்திருக்கும்போது நீர்மின் அணைகளுக்காக ஏன் இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை பிடிக்கின்றன?

பங்கு தெளிவாகப் பிரிந்திருக்கிறது என்பது உண்மைதான். 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையொப்பமிட்டார்கள், உலக வங்கியும் கையொப்பமிட்டது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. இந்த மேற்கு ஆறுகளில் இந்தியா மின்சாரம் எடுக்கலாம், ஆனால் தண்ணீரைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். விசையாழியைச் சுற்றிய தண்ணீர் குறைந்துவிடப் போவதில்லையே, பிறகு என்ன வழக்கு என்று கேட்கிறீர்கள்.

எனக்கு இது விளங்கியது எங்கள் பங்குக் கிணற்றால்தான். யாழ்ப்பாணத்தில் வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும், மற்றபடி எல்லாம் கிணறு. எங்கள் தோட்டக்காணி உறுதியில் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்காலும் என்று இருக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் எழுதிய உறுதி. துலாவால் ஒரு காலைப்பொழுதில் கிணற்றை வற்றவைக்க முடியாது. அப்புறம் வாட்டர் பம்ப் வந்தது. எங்களுக்கு முந்திய முறைக்காரர் விடியப்புறம் நாலு மணிக்கே மிசினைப் போட்டுவிடுவார். ஆறரைக்கு ஐயா போய் எட்டிப் பார்த்தால் அடிக்கல் தெரியும். ஊறி வரப் பத்து மணியாகும். தன் பங்குக்கு மேல் ஒரு வாளிகூட எடுக்கவில்லை என்பார் அந்த மனிதர். கணக்குப்படி அது சரியும்கூட. ஆனால் நாங்கள் சித்திரை வெயிலில் நட்டநடுப் பகலில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றோம்.

செனாப்பில் பாகிஸ்தானின் பயமும் நேரத்தைப் பற்றியதுதான். மேலே இருப்பவரான இந்தியாவின் கையில் அணைக் கதவு இருக்கிறது. விதைப்புக் காலத்தில் மூடினாலும் ஆபத்து, வெள்ளக் காலத்தில் திறந்தாலும் ஆபத்து. அதனால்தான் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு ஒன்று கதவு எந்த உயரத்தில் இருக்கலாம், எவ்வளவு தேக்கலாம் என்று துல்லியமாகப் போகிறது. செனாப்பில் புது அணையை முதன்முறை நிரப்புவதென்றால் ஜூன் 21 முதல் ஓகஸ்ட் 31 வரைதான், அதுவும் கீழே பாகிஸ்தான் பக்கத்து மராலாவில் ஓட்டம் ஒரு அளவுக்குக் குறையாமல். 2008இல் செனாப்பில் இந்தியா கட்டிய பக்லிஹார் அணையை நிரப்பியபோது தண்ணீர் குறைந்துபோனதாகப் பாகிஸ்தான் முறையிட்டது இந்த விதியை வைத்துத்தான்.

சரி, கதவை மேலேயே வைத்துவிடலாமே என்றால் அங்கேதான் இந்தியாவின் நியாயம் வருகிறது. இமயமலை ஆறுகள் வண்டலைக் கொட்டுபவை, அதைக் கழுவிவிட அடியில் கதவு வேண்டும். ஆனால் அடியில் கதவு இருந்தால் தேக்கத்தை வெறுமையாக்கவும் முடியும், கீழே இருப்பவரின் பயம் அதுதான். செனாப்பில் உள்ள 690 மெகாவாட் சலால் அணைக்காக 1978இல் இரு நாடுகளும் உடன்பட்டபோது, அடியில் இருந்த மதகுகளை நிரந்தரமாக அடைக்க இந்தியா சம்மதித்தது. சில வருடங்களிலேயே நீர்த்தேக்கம் வண்டலால் நிரம்பிவிட்டது. கீழே இருப்பவர் பக்கமே என் மனம் சாயும், ஆனால் சலாலைப் படித்தபோது மேலே இருப்பவரின் வயிற்றெரிச்சலும் விளங்கியது.

இந்த ஒரு விஷயத்தில் மத்தியஸ்தர்களே இரண்டு விதமாகச் சொன்னார்கள். பக்லிஹார் வழக்கில் உலக வங்கி நியமித்த சுவிஸ் பொறியியலாளர் ரேமண்ட் லஃபித், வண்டலைக் கழுவக் கதவுகள் தேவை என்று 2007இல் ஏற்றுக்கொண்டார். ஆனால் தேக்கும் அளவை 37.5 மில்லியன் கன மீற்றரிலிருந்து 32.56 ஆகக் குறைக்கச் சொன்னார். ஜீலத்தின் கிளையாறான கிஷன்கங்காவில் இந்தியா கட்டிய மின்திட்டம் பற்றிய வழக்கில் நடுவர் நீதிமன்றம் 2013இல் வேறுமாதிரித் தீர்த்தது: எதிர்பாராத அவசரம் தவிர, அடித்தேக்க மட்டத்துக்குக் கீழே, அதாவது மின்சாரத்துக்காக இறக்கக்கூடிய கடைசிக் கோட்டுக்குக் கீழே, நீரை இறக்கவே கூடாது. ஆற்றில் விநாடிக்கு 9 கன மீற்றராவது ஓடவேண்டும் என்றும் சொன்னது.

அடித்தேக்க மட்டம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. எங்கள் வழக்கைத் தீர்க்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கிணற்றின் உட்சுவரில் கயிறு கட்டி ஆளை இறக்கி, வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போடுவித்தார். தண்ணீர் கோட்டுக்கு வந்தால் மிசினை நிற்பாட்ட வேண்டும். உறுதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் ஒருவர் இறைக்கும்போது மற்றவர் எட்டிப் பார்க்கலாம் என்பதும் பேச்சு.

2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்கு மறுநாள் இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்ததாக அறிவித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த எட்டிப் பார்த்தல்தான். இந்த ஒப்பந்தத்துக்கென்று இருக்கும் இரண்டு நாட்டு ஆணையர்களும் ஒவ்வொரு நாளின் நீரோட்டக் கணக்கையும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். போர்க் காலங்களிலும் உயிரோடு இருந்த ஏற்பாடு அது. அந்த ஓகஸ்டில் ஜம்முவில், செனாப்பில் போய்ச் சேரும் தவி ஆறு பெருகியபோது, பாகிஸ்தானுக்கான வெள்ள எச்சரிக்கை ஆணையர் வழியாகப் போகவில்லை. இஸ்லாமாபாத்தில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாகச் சுற்றிப் போனது.