பால் கொடுக்கும்போது பெரியவன் பாப்பாவைக் கிள்ளுறான்னா

பால் கொடுக்கும்போது மூத்த மகன் பாப்பாவைக் கிள்ளுறான், என்ன செய்யறதுன்னு கேட்டு எழுதியிருந்தீங்க. கிள்ளின பிறகு திட்டாதீங்க. உங்க மனைவி பால் கொடுக்க உட்காரும் முன்னாடியே நீங்க அவனைத் தூக்கிக்கிட்டு வெளியே போயிடுங்க.

நீங்க எழுதினதில் ஒரு வரி கண்ணில் பட்டது: இரண்டரை வயசுக்காரன் போன மாசம் வரை தூங்கின தூளியில் இப்போ மூணு வாரத் தங்கச்சி. பாதிக் காரணம் அதுவா இருக்கலாம். என் மகனும் ஒரு காலைத் தூளிக்குள்ள விட்டு ஏறப் பார்த்தான். அந்தச் சேலையை அவிழ்த்து அவன் கையிலேயே கொடுத்துட்டு, பாப்பாவுக்கு வேற சேலை கட்டினோம். அதைப் போர்த்திக்கிட்டுத்தான் இன்னமும் தூங்குறான்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் நீங்க அங்கே இருக்க முடியாது. அதனால எப்போ கிள்ளுறான்னு மூணு நாள் காலண்டர் தாளில் குறிச்சுப் பாருங்க. எங்க வீட்டில் சாயங்காலம் ஆறு மணி, பசியும் தூக்கமும் சேர்ந்து வர்ற நேரம். அந்த நேரத்தில் அவனைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க: ஒரு வாழைப்பழம், மொட்டை மாடி, காக்காய்க்கு மிச்சச் சோறு, கால் மணி நேரம். போனை வீட்டிலேயே வச்சிட்டுப் போங்க.

"நீ பெரியவன்ல, விட்டுக்கொடு"ன்னு பாட்டி சொல்றதையும் குறைக்கச் சொல்லணும். (அதுதான் இருக்கறதிலேயே கஷ்டமான வேலை.)

அவன் எவ்வளவு சாதுவா ஆனாலும் ரெண்டு பேரையும் தனியா விடாதீங்க, வாசக்கதவைத் திறக்கப் போகும்போதுகூட.