சென்னையில் இருந்துகொண்டு, பவுடர் பனிக்கான பெண்கள் ஸ்கீயை ஓட்டிப் பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வி கேட்ட தோழி காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு குளிர்காலம் பனியில் சறுக்கியிருக்கிறார். பெண்களுக்கான பவுடர் ஸ்கீ, அதாவது இறுகாத பொடிப்பனிக்கான சறுக்குப் பலகை, ஒரு ஜோடி, 158 செ.மீ. நீளம், 112 மி.மீ. இடுப்பளவு (நடுப்பகுதியின் அகலம்), பாதி விலைக்கு இணையத்தில் கிடைக்கிறது; ஓட்டிப் பார்க்காமல் வாங்கலாமா என்கிறார்.

வாங்காதீர்கள். விலை பாதியல்ல, கால்வாசியாக இருந்தாலும் வாங்காதீர்கள். அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் அப்படி ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன்.

எனக்கு வேளச்சேரி. ஆறு ஆண்டுகளாகப் பிப்ரவரியில் குல்மார்க் போய்வருகிறேன். மூன்றாம் ஆண்டில் வட இந்திய நகரம் ஒன்றில் ஒரு கடைக்காரர் பலகையை என் பக்கத்தில் நிறுத்திவைத்து, முகவாய் வரை வந்தால் சரியான அளவு என்று சொல்லி 144 செ.மீ. ஜோடியைக் கொடுத்தார். என் உயரம் 161. முகவாய்க் கணக்கு, சமன்செய்த சரிவில் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்களுக்கு உரியது என்பது எனக்கு அப்போது தெரியாது. குல்மார்க்கின் அபர்வத் மலையில் முழங்கால் ஆழப் புதுப்பனியில் இரண்டாவது திருப்பத்திலேயே நுனிகள் புதைந்தன. நான் முன்பக்கமாக விழுந்தேன். கழன்ற பலகை பனிக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. வழிகாட்டியும் நானும் கைத்தடியால் பனியைக் குத்திக் குத்தித் தேடி எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

பவுடர் பனியின் பெரும்பகுதி காற்று. சமன்செய்த சரிவில் கீழே இருக்கும் இறுகிய பனி நம்மைத் தாங்குகிறது. பொடிப்பனியில் அப்படித் தாங்க எதுவும் இல்லை. பலகையின் பரப்புதான் தாங்கியாக வேண்டும். அதனால்தான் இந்த ஸ்கீகள் அகலமாகவும் நீளமாகவும் செய்யப்படுகின்றன. 164 செ.மீ. நீளமும் 88 மி.மீ. இடுப்பும் உள்ள பலகையோடு, 172 செ.மீ. நீளமும் 106 மி.மீ. இடுப்பும் உள்ள பலகையை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த இரண்டு அளவுகளைப் பெருக்கினாலே கால் பங்கு பரப்பு கூடுதலாக வரும். இடுப்பு என்பது பலகையின் நடுவில், பூட்ஸுக்குக் கீழே இருக்கும் குறுகிய பகுதி.

அடுத்தது நுனியின் வளைவு, ராக்கர் என்பார்கள். நொச்சிக்குப்பத்தில் கரையேற்றி வைத்திருக்கும் படகின் அணியத்தைப் பாருங்கள். அது மேல்நோக்கி எழுந்திருப்பதால்தான் படகு அலைக்குள் மூக்கை நுழைக்காமல் அதன்மேல் ஏறுகிறது. பவுடர் ஸ்கீயின் நுனியிலும் அதே வேலைதான் நடக்கிறது. இது வெறும் உவமையும் அல்ல. 2000களின் தொடக்கத்தில் ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர், நீர்ச்சறுக்குப் பலகையின் வடிவத்தைப் பார்த்துத்தான் வோலன்ட் ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயை உருவாக்கினார். நடுப்பகுதி தாழ்ந்து இரு நுனிகளும் உயர்ந்த பலகை அது. இன்றைய பவுடர் ஸ்கீகள் பெரும்பாலானவற்றில் அதன் சாயல் இருக்கிறது. எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பொடிப்பனி அந்நியமானது அல்ல என்று தோன்றும்.

இனி ஓட்டிப் பார்ப்பதற்கு வருகிறேன். முதலில் பூட்ஸ் சொந்தமாக இருக்க வேண்டும். ஸ்கீ வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் பூட்ஸுக்குச் செலவழியுங்கள் என்றே சொல்வேன். தளர்ந்த வாடகை பூட்ஸோடு எந்தப் பலகையை ஓட்டினாலும் மந்தமாகத்தான் தெரியும். குறை பூட்ஸிலா பலகையிலா என்று கண்டுபிடிக்க முடியாது. அளவு சென்டிமீட்டரில் வரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாலைக்குள் கால் சற்று வீங்கிவிடும் என்பதால், அளவைக் காலையிலேயே எடுங்கள். நான் என் பூட்ஸை வீட்டு மின்விசிறிக்கு அடியில் தினம் அரைமணி நேரம், மெல்லிய கம்பளிக் காலுறையோடு, போட்டுப் பழகினேன். முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலே எழக்கூடாது. பெருவிரல் முன்சுவரை நிமிர்ந்து நிற்கும்போது தொட வேண்டும். மடக்கும்போது விலக வேண்டும்.

குல்மார்க்கில் வாடகைக் கடைகள் பல உண்டு. தனியார் கடைகளில் அகலமான பவுடர் ஸ்கீகளும் கிடைக்கும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டைப் பைண்டிங் என்பார்கள்; டெமோ பைண்டிங் பொருத்திய பலகையைக் கேளுங்கள். அது ஒரு தண்டவாளம் போன்ற அமைப்பில் முன்னும் பின்னும் நகரும். துளை போடாமல் உங்கள் பூட்ஸுக்குப் பொருத்திவிடலாம். ஜப்பானின் நிசெக்கோவுக்கோ ஆல்ப்ஸ் ஊர்களுக்கோ போக வாய்ப்பிருந்தால் இன்னும் நல்லது. அங்கே பல கடைகள் ஒரே நாளில் இரண்டு மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றி ஓட்டவிடும். பிறகு வாங்கினால் வாடகையை விலையில் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு.

நான் ஓட்டிப் பார்த்த நாளைச் சொல்கிறேன். முந்தைய இரவு நல்ல பனி. மேல் கேபிள் கார், பனிச்சரிவு அபாயம் நீங்கும் வரை மூடப்பட்டிருந்தது. பெரும்பனிக்குப் பிறகு இது வழக்கம். ஆகவே சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொங்தூரி வரை மட்டும் ஏறி, மரங்களுக்கு இடையே இறங்கினோம். முதல் ஓட்டம் பழக்கமான 88 மி.மீ. பலகையில். தொடைகள் எரிந்தன. நுனி புதையாமல் இருக்க என்னை அறியாமலேயே பின்னால் சாய்ந்துகொண்டிருந்தேன்.

கீழே வந்து 106 மி.மீ. ஜோடிக்கு மாறினேன். "பின்னால் சாயாதீர்கள் மேடம். இந்தப் பலகை தானாக மேலே வரும், நம்புங்கள்" என்றார் வழிகாட்டி. "சரி பாய்" என்று சொல்லிவிட்டு, கணுக்காலுக்கு மேலே உள்ள முன்னெலும்பு பூட்ஸின் முன்பட்டையில் அழுந்தும்படி நின்றேன். மூன்றாவது திருப்பத்தில் காலுக்கு அடியில் பலகை உரசும் சத்தம் நின்றுபோயிற்று. இரண்டு நுனிகளும் பனியைப் பிளந்துகொண்டு வெளியே வந்தன, மறைந்தன, மறுபடி வந்தன. பனித்தூள் இடுப்பு வரை எழுந்து முகத்தில் விழுந்தது. இறங்கி முடித்து நின்றபோது மூச்சு வாங்கவில்லை. தொடையில் எரிச்சல் இல்லை. ஓட்டிப் பார்ப்பது எதற்கு என்று அந்த இடத்தில் புரிந்தது.

ஆனால் அதே ஜோடியை மதியம் மறுபடி ஓட்டினேன், வேண்டுமென்றே. அதற்குள் எல்லோரும் கிழித்துப்போட்ட பனி, மேடும் பள்ளமுமாக இருந்தது. கடைசிப் பகுதி இறுகிய பாதை. அங்கே நுனிகள் படபடவென அடித்துக்கொண்டன, விளிம்பு பனியைப் பிடிக்கச் சற்றுத் தாமதமாயிற்று. இந்தக் குறையையும் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். குல்மார்க்கில் எவ்வளவு அருமையான பொடிப்பனியில் இறங்கினாலும் திரும்பி வரும் வழி பெரும்பாலும் மிதிபட்ட பாதைதான். இரண்டு குளிர்கால அனுபவத்துக்கு 112 மி.மீ. அகலம் என்பது அந்தப் பாதையில் முழங்காலுக்குச் சுமை. உங்களுக்கு 100 முதல் 106 வரை போதும் என்பது என் கருத்து. நீளத்தை மட்டும் குறைக்காதீர்கள். ராக்கர் உள்ள பலகையில் இறுகிய பனியைத் தொடும் நீளம் குறைவு என்பதால், காகிதத்தில் நீளமாகத் தெரிவது காலில் அப்படித் தெரியாது.

‘பெண்களுக்கானது’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே வடிவத்தை இரண்டு பெயரில் விற்கின்றன. நார்டிகாவின் என்ஃபோர்சருக்குச் சாந்தா அனா, பிளிசார்டின் ரஸ்ட்லருக்கு ஷீவா என்று இணை உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது: இலகுவான மரம், குறைந்த உலோகத் தகடு, மென்மையான வளைவு, குட்டையான நீளங்கள். என் எடை 58 கிலோ. கனத்த பலகையை வளைக்கவே எனக்கு வேகம் கூட்ட வேண்டியிருந்தது, ஆகவே பெண்கள் பலகை எனக்குப் பொருந்தியது. நீங்கள் என்னைவிட உயரமும் எடையும் கூடியவர், வேகமாக இறங்குகிறவர் என்றால் பொதுவான பலகையையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பூ வேலைப்பாட்டையும் நிறத்தையும் வைத்து முடிவெடுப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநீதி. திருப்பம் தொடங்கத் தயங்கினால், டெமோ பைண்டிங்கை ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தச் சொல்லி மறுபடி ஓட்டுங்கள். பலருக்கு அதுவே போதும்.

விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்ற அளவைக் கடையில் குறிக்கும்போது உண்மையான எடையைச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், திறமை இவற்றை வைத்துத்தான் அந்த எண் கணக்கிடப்படுகிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண் சறுக்காளர்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்; இந்த விஷயத்தில் நாம் கவனமாகத்தான் இருந்தாக வேண்டும். சறுக்குப்பாதையை விட்டு வெளியே இறங்குவதாக இருந்தால் டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி), மண்வெட்டி, துழாவும் கம்பி, தெரிந்த வழிகாட்டி ஆகியவை இல்லாமல் இறங்காதீர்கள்.

வாங்கும்போது, கழன்ற பலகையை நிறுத்தும் பைண்டிங்கின் பிரேக், பலகையின் இடுப்பைவிடச் சற்று அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். பொடிப்பனியில் பலகை தொலையாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் நீளமான பளிச்சென்ற நாடா ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் இப்போது ஆரஞ்சு நிற நாடா கட்டுகிறேன்.

சென்னைக்குக் கொண்டுவந்த பிறகு நம் உப்புக்காற்று ஒரு வாரத்தில் எஃகு விளிம்பில் துருவை ஏற்றிவிடும். பையோடு மூடி வைக்காதீர்கள். வந்த அன்றே துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் முழுதாக உலர்த்தி, அடிப்பாகத்திலும் விளிம்பு மூடும்படியும் மெழுகைத் தடிமனாகப் பூசிவிடுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் வெயில் காலத்துச் சூடு அதிகம். அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் அந்த மெழுகைச் சுரண்டி எடுத்தால் பலகை தயார்.