பேருந்தில் பார்த்த எரிமலைத் தீவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். கோவையிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவுக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் வழிகாட்டியுடன் கூடிய முழுநாள் பேருந்துச் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்தேன். காலையில் விடுதி வாசலில் ஏறினோம். எரிமலைப் பூங்கா, பச்சை ஏரி, திராட்சைத் தோட்டம், குகை என்று சுற்றிவிட்டு மாலையில் அதே வாசலில் இறங்கினோம்.

எரிமலைப் பாதையில் எங்களைப் பேருந்திலிருந்து இறங்கவே விடவில்லை. அது முடிந்து ஓரிடத்தில் நின்றபோது அப்பா ஒரு கறுப்புக் கல்லை எடுத்துப் பையில் வைத்தார். வழிகாட்டிப் பெண் எல்லார் முன்னிலையிலும் அதைக் கீழே போடச் சொன்னார். அப்பாவின் முகம் வாடிவிட்டது. அம்மாவோ, “எங்கே பார்த்தாலும் கரியாகக் கிடக்கிறது, இதைப் பார்க்கவா இவ்வளவு செலவு?” என்றார். குகைக் குளத்தில் இருந்த சின்ன வெள்ளை நண்டுகள் மட்டும் அவருக்குப் பிடித்தன. பேருந்தில் போவதெல்லாம் பயணமே அல்ல என்கிறார்கள் நண்பர்கள். ஓர் ஊரை நடந்துதான் அறிய வேண்டும் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் உண்மையில் எதையாவது பார்த்தோமா? மீண்டும் போனால் எப்படிப் போக வேண்டும்?

கோமதி

அன்புள்ள கோமதி,

பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தீவை எப்படிப் பார்க்க வேண்டுமோ, பெரும்பாலும் அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை.

ஊரை நடந்து அறிய வேண்டும் என்று எழுதியது உண்மைதான். இப்போதும் என் எண்ணம் அதுவே. மனிதர்கள் வாழும் தெருக்களை மனத்தில் வைத்து அதை எழுதினேன். நீங்கள் போன எரிமலைப் பூங்காவான திமான்ஃபாயாவில் தரை இன்னும் தரையாகி முடியவில்லை. 1730 செப்டம்பர் 1 இரவு அங்கே நிலம் பிளந்தது. 1736 ஏப்ரல் வரை, இடையிடையே ஓய்ந்தும் மீண்டும் வெடித்தும், எரிகுழம்பு வந்துகொண்டே இருந்தது. 846 சதுர கிலோமீட்டர் கொண்ட தீவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதற்கு அடியில் போயிற்று. ஆண்டு முழுவதும் சேர்த்தே 150 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்யும் இடம் அது. ஆகவே பாறை சிதைந்து மண்ணாவதற்கு முந்நூறு ஆண்டுகள் போதவில்லை. பேருந்து ஜன்னல் வழியாகப் பாறைகளின் மேல் சாம்பல் நிறத்தில் தோல்போல ஏதோ படர்ந்திருந்ததைக் கவனித்தீர்களா? அதுதான் அங்கே குடியேறிய முதல் உயிர். நம் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் அதே வகையைச் சேர்ந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு காலடி பட்டால் அந்தப் படலம் பெயர்ந்துவிடும்; திரும்பப் படர மனித ஆயுள் போதாது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் இடத்தில் எல்லோரும் இறங்கி நடந்தால் என்ன மிஞ்சும்?

அதனால்தான் அந்தப் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் சொந்தக் காருக்கு இடமில்லை. பேருந்தில்தான் போயாக வேண்டும். தனியாகக் கார் எடுத்துக்கொண்டு போகும் உங்கள் நண்பர்களும் கடைசியில் அங்கே ஒரு பேருந்தில்தான் ஏறி உட்கார வேண்டும். 1960களில், தேசியப் பூங்கா என்ற அறிவிப்பு வருவதற்கு (அது வந்தது 1974இல்) முன்பே, கலைஞர்களான செசார் மன்ரிக்கேயும் ஹேசுஸ் சோத்தோவும் அந்தப் பாதையை வகுத்தார்கள். மலையை வெட்டி நேராக்காமல், எரிகுழம்பின் மடிப்புகளுக்குள் நுழைந்து வளைந்து போகும்படி அமைத்தார்கள். சில இடங்களில் பாறைச் சுவர் கண்ணாடியை உரசிவிடும்போல நெருங்கி வரும். தூரத்தில் நின்று பார்த்தால் பாதை இருப்பதே தெரியாது. ஒரு நிலத்துக்கு மனிதர்கள் காட்டிய மரியாதைகளில் இதை மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன். அந்த மரியாதையின் உள்ளே உட்கார்ந்துகொண்டுதான் நீங்கள் போனீர்கள்.

பேருந்துச் சுற்றுலாவின் குறை வேறிடத்தில் இருக்கிறது. கதை துண்டு துண்டாக வருகிறது. எரிமலையில் ஒரு தகவல், ஏரியில் ஒரு தகவல், தோட்டத்தில் ஒரு கோப்பை மது. எரிமலையும் தோட்டமும் ஒரே கதை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துப் பார்த்தால் அம்மாவின் “கரி” வேறாகத் தெரியும். அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

யைசா என்ற ஊர் வழியாகப் போயிருப்பீர்கள், வெள்ளை வீடுகள் நிறைந்த சிற்றூர். 1730இல் அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் ஆந்திரேஸ் லொரென்சோ குர்பேலோ. வெடிப்பின் நாட்களை அவர் குறிப்பாக எழுதி வைத்தார். லியோபோல்ட் வான் புக் என்ற ஜெர்மானிய நிலவியலாளர் பிறகு அதை வெளியிட்டதால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. முதல் இரவிலேயே பூமிக்குள்ளிருந்து ஒரு மலை எழுந்ததைக் குர்பேலோ எழுதுகிறார். நச்சுப் புகையில் மாடுகள் விழுந்து செத்ததையும், அதுவரை யாரும் கண்டிராத வடிவங்களில் மீன்கள் செத்துக் கரையொதுங்கியதையும் எழுதுகிறார். ஓர் ஊர், அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று எரிகுழம்புக்குள் மறைவதை எழுதிக்கொண்டே போகிறார். கடைசியில் முடிவு தெரியாமலே, ஊராரோடு கிரான் கனாரியா தீவுக்குப் படகேறுகிறார். திமான்ஃபாயா என்பது எரிமலையின் பெயராக ஆவதற்கு முன் மனிதர்கள் வாழ்ந்த ஓர் ஊரின் பெயர். தீவின் நல்ல தானிய நிலங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்த கறுப்புக்கு அடியில் வயல்களும் களங்களும் வீடுகளும் இருக்கின்றன.

பூங்காவின் உச்சியில், உணவகத்துக்கு வெளியே, ஊழியர்கள் குழிக்குள் காய்ந்த முட்செடியைத் தள்ளி அது தானாகத் தீப்பற்றுவதைக் காட்டியிருப்பார்கள். குழாயில் ஊற்றிய தண்ணீர் சில நொடிகளில் நீராவியாகச் சீறி எழும். அங்கே 13 மீட்டர் ஆழத்தில் வெப்பம் சுமார் 600 டிகிரி. எல்லோரும் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும். ஆனால் அந்தக் குருவானவர் விட்டுச்சென்ற நெருப்பு இன்னும் ஆறவில்லை என்பதல்லவா அங்கே நம் முன்னால் நிற்கும் செய்தி? இதே தீவுக் கூட்டத்தில் லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19 அன்று தொடங்கிய வெடிப்பு 85 நாட்கள் நீடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. கேனரித் தீவுகளின் வழிகாட்டிகளுக்கு இது பழங்கதை அல்ல.

இனி லா ஹேரியா. அந்தத் திராட்சைத் தோட்டத்தில் உங்கள் பேருந்து எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும் அது போதாது. சாம்பலும் கருஞ்சரளையுமாக மூடிப்போன நிலத்துக்கு மக்கள் திரும்பி வந்தார்கள். சரளை மெல்லிசாக விழுந்த இடங்களில் செடிகள் முன்பைவிட நன்றாக முளைப்பதைக் கண்டார்கள். காரணம், நம் விவசாயிகள் மூடாக்கு என்று சொல்வதுதான். துளை நிறைந்த அந்தக் கருஞ்சரளை இரவுப் பனியை வாங்கிக் கீழே இறக்குகிறது. பகல் வெயிலில் மண்ணின் ஈரம் மேலே போகாமல் காக்கிறது. ஆற்று நீர் கிடையாது, மழையும் பேருக்குத்தான். அப்படியும் பயிர் நிற்கிறது. சரளை தடிமனாகக் கிடந்த இடங்களில் பழைய மண்ணை எட்டும்வரை தோண்டினார்கள். இரண்டு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். கூம்புபோல் சரியும் ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு கொடி, அல்லது இரண்டு. ஓயாமல் வீசும் வடகிழக்குக் காற்றைத் தடுக்கக் குழியின் விளிம்பில் அரைவட்டமாகக் கல்லடுக்குச் சுவர், சாந்து இல்லாமல். நீங்கள் மலைச்சரிவில் வரிசை வரிசையாகப் பார்த்த பிறைகள் அவைதான்.

அவற்றை அழகுக்காகச் செய்த வடிவம் என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பிறையும் ஒருவர் குனிந்து தோண்டி, கல் சுமந்து அடுக்கியது. இன்றும் அந்தக் குழிகளுக்குள் இயந்திரம் இறங்க முடியாது, அறுவடை கையால்தான். மண் கலந்துவிட்டால் சரளையின் திறன் குறைந்துவிடும் என்பதால் அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறையைக் கண்டபின், எரிமலை தொடாத வயல்களுக்கும் சரளையைக் கொண்டுபோய்க் கொட்டி வெங்காயமும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டார்கள். ஊரை அழித்ததையே உரிமையோடு அள்ளிவந்து வயலில் பரப்பினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மக்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு எழுகிறது. அங்கே விளையும் மால்வாசியா திராட்சையின் வெள்ளை மதுவை அப்பா அம்மா தொடாமல் வைத்திருந்தாலும் பரவாயில்லை. கொடியைப் பார்த்தார்களே, அது போதும்.

அப்பாவின் கல் விஷயத்துக்கு வருகிறேன். வழிகாட்டி சொன்னது சரி, சொன்ன விதம் தவறு. பூங்காவிலிருந்து கல் எடுப்பதற்குத் தடை இருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் அந்தப் பத்து லட்சம் பேரும் ஆளுக்கொரு கல்லோடு போவார்கள். ஆனால் வயதில் மூத்தவரை அருகில் போய், தாழ்ந்த குரலில், காரணத்தோடு சொல்லியிருக்கலாம். பார்க்க வந்தவர்கள் முகம் வாடாமல் நிலத்தைக் காப்பதும் வழிகாட்டியின் வேலையில் சேர்ந்ததுதான். காரணத்தை இப்போதாவது அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் புரிந்துகொள்வார். கோவைப் பக்கம் குவாரிகள் மலைகளை என்ன செய்தன என்று பார்த்தவர் அல்லவா!

ஒட்டகச் சவாரிக்கு நீங்கள் போகவில்லை போலிருக்கிறது. இழப்பில்லை. அந்த ஒட்டகங்களின் முன்னோர் அங்கே ஏர் உழுதவை, சுமை சுமந்தவை என்பதை அறிந்தால் போதும். கற்றாழைக் களிம்புக் கடையில் பேருந்தை நிறுத்திவைத்து, பச்சை ஏரியில் பத்து நிமிடம் மட்டும் கொடுப்பது இத்தகைய சுற்றுலாக்களில் வழக்கமாகிவிட்டது. உங்களுக்கும் அப்படி நேர்ந்திருந்தால், கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. டிக்கெட் வாங்கும்போதே எங்கெங்கே, எவ்வளவு நேரம் நிறுத்தம் என்று கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்குப் பிடித்த வெள்ளை உயிர்கள் சரியான நண்டுகள் அல்ல. துறவி நண்டுகளின் உறவினம். ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், கண் தெரியாது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் லா கொரோனா எரிமலையிலிருந்து ஓடிய குழம்பு மேலே உறைந்து, உள்ளே வடிந்து, கிலோமீட்டர் கணக்கில் நீளும் குகையானது. அது கடலுக்கு அடியிலும் தொடர்கிறது. அதன் ஒரு பகுதிதான் நீங்கள் போன ஹமியோஸ் தெல் அகுவா. குளத்தில் காசு போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். உலோகம் கரைந்தால் அந்த உயிர்கள் தாங்காது. அதே குகையின் இன்னொரு பகுதியான குவேவா தே லோஸ் வெர்தேஸில், கடற்கொள்ளையர் காலத்தில் மக்கள் ஒளிந்திருந்தார்கள். அங்கே நடையின் முடிவில் ஒன்றைக் காட்டிவிட்டு, வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். நானும் சொல்லப்போவதில்லை.

குகைக் குளத்தைச் சுற்றி அமைந்த அந்தக் கலைக்கூடம் மன்ரிக்கேயின் கைவண்ணம். 1919இல் அரெசிஃபேயில் பிறந்து, நியூயார்க்கில் ஓவியராக இருந்துவிட்டு 1966இல் ஊர் திரும்பியவர். சுற்றுலா வந்தே தீரும் என்று தெரிந்தபோது, அது எந்த உருவத்தில் வர வேண்டும் என்பதற்காகப் போராடினார். சாலையோர விளம்பரப் பலகைகளையும் உயரக் கட்டடங்களையும் எதிர்த்தார். நாளெல்லாம் சுற்றியும் உங்கள் கண்ணில் ஒரு விளம்பரப் பலகைகூடப் பெரிதாக உறுத்தியிருக்காது. அதற்குப் பின்னால் அவருடைய வாழ்நாள் பிடிவாதம் இருக்கிறது. 1992இல் அந்தத் தீவிலேயே சாலை விபத்தில் இறந்தார்.

மீண்டும் போனால் எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாள் மறுபடியும் பேருந்தில் ஏறுங்கள், ஆனால் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். இரண்டாம் நாள் கார் எடுத்துக்கொண்டு லா ஹேரியா சாலையில் மெதுவாகப் போங்கள். நிறுத்த வசதியுள்ள தோட்டத்தில் இறங்கி, ஒரு குழியின் விளிம்பில் அப்பாவை உட்கார வையுங்கள். எல் குவேர்வோ என்ற சிறிய எரிமலை அருகில்தான். 1730 வெடிப்பில் முதலில் எழுந்தது அதுதான். அதன் வாய்க்குள்ளேயே சமதரையில் நடந்து போக வழி உண்டு. முழங்கால் வலி இருப்பவரும் நிதானமாகப் போய் வரலாம், குறித்த தடத்தை விட்டு விலகாமல். காற்று பலமாக அடிக்கும், அம்மாவுக்கு ஒரு தடித்த மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள்ளேயே நடக்க ஆசைப்பட்டால் ட்ரெமெசானா என்ற தடத்தில் பூங்காத் துறையே சிறு குழுக்களை வழிகாட்டியுடன் அழைத்துப் போகிறது. கட்டணம் இல்லை, முன்பதிவு கட்டாயம், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதற்குப் பதிவு செய்துவிடுங்கள்.

அன்புடன்.