வரலாற்று மெயின்ஸ்: எவ்வளவு எழுதுவது, எங்கே நிறுத்துவது? (கேள்வி பதில்)

யுபிஎஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸில் (முதன்மை எழுத்துத் தேர்வு) வரலாற்றை ஆப்ஷனலாக (விருப்பப் பாடமாக) எடுத்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அதிலும் தமிழில் எழுதுபவர்கள்தான் அதிகம். பல ஆண்டுகளாகப் பயிற்சி விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஆப்ஷனல் தாள் ஒவ்வொன்றும் 250 மதிப்பெண், 3 மணி நேரம். 8 கேள்விகளில் 5 எழுத வேண்டும். 1-ம் 5-ம் கட்டாயம். மீதி மூன்றில் இரு பகுதியிலிருந்தும் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 50 மதிப்பெண் என்பதால், ஒரு கேள்விக்கு 36 நிமிடம். அப்படியானால் 10 மதிப்பெண்ணுக்கு 7 நிமிடம், 15-க்கு ஏறக்குறைய 11, 20-க்கு 14 நிமிடம் சொச்சம். கேள்வியைப் படிப்பதும் யோசிப்பதும் இதற்குள்ளேதான்.

கே: மேடம், 5-ம் கேள்வியில் 150 சொல் என்று போட்டிருக்கிறார்கள். 20 மதிப்பெண் கேள்விகளில் வரம்பே இல்லையே? எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாமா? (மதுரையிலிருந்து)

வரம்பைத் தாளில் அச்சிடவில்லை, ஆனால் கடிகாரம் போட்டிருக்கிறது. 10 மதிப்பெண்ணுக்கு 150 சொல் என்று அவர்களே சொல்கிறார்கள். அதே விகிதத்தில் 20 மதிப்பெண்ணுக்கு 300 சொல் வரும். 14 நிமிடத்தில் யோசித்து எழுதக்கூடியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். என் கைக்கு வரும் தாள்களில் 450, 500 சொல் வரை போகிறவர்கள் உண்டு. அவர்களுடைய நான்காவது, ஐந்தாவது கேள்விகளைப் புரட்டினால் அந்தக் கூடுதல் 200 சொல் எங்கிருந்து திருடப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கே: தமிழில் எழுதும்போதும் 150 சொல் என்றால் 150-தானா?

அவ்வளவு தேவைப்படாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக நிற்பது தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். அதே செய்தியைத் தமிழில் சொல்ல 100, 110 சொல் போதும். 20 மதிப்பெண்ணுக்கு 200 முதல் 240 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் சொற்கள் நீளம், கை அதிகம் நகர வேண்டும். அதனால் சொல் குறைவதால் நேரம் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். வரலாற்றுத் தாளின் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் அச்சாகின்றன. நீங்கள் ஆங்கிலத்தில் படித்து, மனதில் தமிழாக்கி, பிறகு எழுதுகிறீர்கள். ஒரு கேள்விக்கு அரை நிமிடம் இதில் போகும். கலைச்சொற்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் எழுத ஆணையம் அனுமதிக்கிறது. அதைத் தேவையான இடத்தில் மட்டும் செய்யுங்கள். எல்லாச் சொல்லுக்கும் இரண்டு மொழியில் எழுதினால் 36 நிமிடம் 40 ஆகிவிடும்.

கே: அக்கா, சோழர் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. டெஸ்டில் சோழ அரசின் தன்மை பற்றி 20 மதிப்பெண் கேள்வி வந்தது. ஐந்து பக்கம் எழுதினேன். 9 மதிப்பெண்தான் போட்டார்கள். கடைசிக் கேள்வியில் இரண்டு பிரிவு எழுத நேரமே இல்லை. இவ்வளவு தெரிந்தும் ஏன் இப்படி?

நீங்கள் அனுப்பிய தாளைப் படித்தேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. குடவோலையில் நிற்பவருக்கு 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், யார் யாருக்குத் தகுதியில்லை என்று எல்லாம் இருக்கிறது. எதுவும் தப்பில்லை. அதற்குப் பின் ஒரு பக்கம் 1025-ல் நடந்த ஸ்ரீவிஜயப் படையெடுப்பு. ஆனால் கேள்வி, சோழ அரசு மையத்தில் அதிகாரத்தைக் குவித்த அரசா, பல துண்டுகளாகப் பரந்து கிடந்த அரசா என்பது. குடவோலை விதிமுறைகளை விரிவாகச் சொல்லிவிட்டு, அது இந்த இரண்டில் எதை நிறுவுகிறது என்று நீங்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. திருத்துபவர் மதிப்பெண் போட அந்த ஒரு வரியைத்தான் தேடுவார்.

240 சொல்லில் நான் எழுதுவதானால் இப்படிப் போவேன். தொடக்கத்தில் இரண்டு வரியில் விவாதத்தை அறிமுகப்படுத்துவேன். அடுத்து வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி காட்டிய வலுவான, அதிகாரிகள் நிறைந்த பேரரசு. அதற்குச் சான்றாக முதலாம் ராஜராஜன் காலத்து நில அளவையும் வளநாடு என்ற புதிய பிரிவும். இதற்கு 60 சொல். பிறகு பர்ட்டன் ஸ்டைன்: நாடு (பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்) என்பதே அடிப்படை அலகு, அரசனுக்கு இருந்தது பெரும்பாலும் சடங்கு சார்ந்த மேலாண்மை என்ற கூற்று அரசு (segmentary state, பல கூறுகளாகப் பிரிந்து நிற்கும் அரசு) என்ற கருத்து. சபை, ஊர், நாட்டார் ஆகியவை இங்கே சான்றாக வரும், உத்திரமேரூருக்கும் இங்கேதான் இடம், அதுவும் ஒரே வரி. அதற்கு இன்னொரு 60. அப்புறம் நொபோரு கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களையும் அதிகாரிப் பட்டங்களையும் எண்ணிப் பார்த்து, ஸ்டைனின் சித்திரம் பொருந்தாத இடங்களைக் காட்டியது. இந்தப் பகுதிக்கு 80 சொல் வரை தருவேன், ஏனென்றால் விடையின் எடை இங்கேதான் இருக்கிறது. முடிவில் என் நிலைப்பாடு: 11-ஆம் நூற்றாண்டில் மையத்தின் பிடி இறுகியது, பின்னர் தளர்ந்தது, ஆகவே நானூறு ஆண்டுக்கும் ஒரே பெயர் சூட்ட முடியாது.

ஸ்ரீவிஜயம் இதில் வரவே இல்லை, கவனியுங்கள். தெரிந்ததை விடுவது வலிக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நன்றாகத் தெரிந்த தலைப்பில்தான் பலர் நேரத்தை இழக்கிறார்கள். தெரியாத கேள்வியில் யாரும் ஐந்து பக்கம் எழுதுவதில்லை. பிடித்த கேள்வி வந்தால் பேனாவை எடுக்கும் முன்பே முடிக்கும் நேரத்தை வினாத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த ஐந்து பக்கத்தை மூன்றாகச் சுருக்கியிருந்தால் உங்களுக்கு 9-க்குப் பதில் 11 கிடைத்திருக்கலாம். எழுதாமல் விட்ட இரண்டு 15 மதிப்பெண் பிரிவுகளில் சுமாராக எழுதினாலும் தலா 5, 6 வந்திருக்கும். இழப்பு அங்கேதான் பெரிது.

கே: வரைபடக் கேள்வியில் ஒரு இடத்துக்கு 30 சொல்லில் என்ன எழுத முடியும்?

முதல் தாளின் 1-ம் கேள்வி இது. 20 இடங்கள், தலா இரண்டரை மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் சுமார் 30 சொல் குறிப்பு. 36 நிமிடத்தை 20-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம்:

"புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த பழந்துறைமுகம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு. ரோமானிய அம்போரா சாடிகள், அரெட்டைன் மட்கலன், மணி செய்யும் பட்டறை கிடைத்தன. பெரிப்ளூஸ் கூறும் பொதுகே இதுவென்பர்."

23 சொல்தான். இடம், அகழாய்வு, கிடைத்த பொருள், ஏன் முக்கியம் என்ற நான்கும் வந்துவிட்டன. தோலாவிரா என்றால் கட்ச் பகுதியின் காதிர் தீவு, ஹரப்பா நகரம், பெரிய நீர்த்தேக்கங்கள், 2021-ல் யுனெஸ்கோ பட்டியல். ஹரப்பா நாகரிகம் என்றால் என்ன என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்க ஆரம்பிக்காதீர்கள்.

கே: முன்னுரை, முடிவுரை எத்தனை வரி?

10 மதிப்பெண்ணுக்கு முன்னுரை இரண்டு வரி, முடிவுரை ஒன்று அல்லது இரண்டு. 20-க்குச் சேர்த்து 50 சொல். முன்னுரையிலேயே உங்கள் பதில் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு, நிலையான நிலவரித் திட்டம் ஜமீன்தார்களுக்கு உண்மையில் நன்மை செய்ததா என்று கேட்டால், "1793-ல் கார்ன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த இத்திட்டம்..." என்று ஆரம்பித்துக் கார்ன்வாலிஸின் நோக்கங்களுக்கே அரைப் பக்கம் போகிறது. அதற்குப் பதில் முதல் வரியிலேயே, நிலத்தின் மேல் உரிமை கிடைத்தாலும் தொடக்கத்தில் பழைய ஜமீன்தார்கள் பலர் நொடித்துப்போனார்கள் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து காரணம்: வசூலிக்கும் குத்தகையில் பதினொன்றில் பத்துப் பங்கு கம்பெனிக்கு, குறித்த நாள் சூரியன் மறைவதற்குள் கட்டாவிட்டால் ஏலம். பர்த்வான் ஜமீன் பட்னி (patni) முறையால், அதாவது நிலத்தைத் துண்டுகளாக நிரந்தரக் குத்தகைக்கு விட்டு, தப்பித்ததை எதிர்ச்சான்றாக ஒரு வரி வையுங்கள். ஏழு நிமிடத்தில் முடியும்.

கே: வரலாற்றறிஞர் பெயர் எத்தனை சொன்னால் நல்லது?

ஆப்ஷனலில் 20 மதிப்பெண்ணுக்கு இரண்டு அல்லது மூன்று, 10-க்கு ஒன்றோ இரண்டோ. பெயருக்குப் பின்னால் அவருடைய வாதம் ஒரு வரியாவது வர வேண்டும். வெறும் பெயர்ப் பட்டியலால் பயனில்லை.

கே: 1857 எழுச்சி பற்றி ஜி.எஸ். (General Studies, பொதுப் பாடம்) தாளிலும் வரலாம், ஆப்ஷனலிலும் வரலாம். இரண்டிலும் ஒரே விடையை எழுதலாமா? (கோவையிலிருந்து)

வேண்டாம். ஜி.எஸ். தாளின் நெருக்கடியே வேறு. 20 கேள்வி, எல்லாம் கட்டாயம். பத்து கேள்விக்கு 150 சொல், பத்துக்கு 250. மொத்தம் 4,000 சொல், 180 நிமிடம். ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதினாலும் நிமிடத்துக்கு 22 சொல். அங்கே 1857 வந்தால் காரணம், பரவிய பகுதி, பங்கெடுத்த பிரிவினர், விளைவு என்று நேராகப் போங்கள், எழுச்சியின் தன்மை பற்றி இரண்டு வரி போதும்.

ஆப்ஷனலில் அந்த இரண்டு வரிதான் முழு விடை. சாவர்க்கர் 1909-ல் இதை விடுதலைப் போர் என்றார். ஆர்.சி. மஜும்தார் நூற்றாண்டு நிறைவையொட்டி 1957-ல் அதை மறுத்தார். அதே ஆண்டில் எஸ்.என். சென் நடுவழியில் நின்றார். இவர்கள் எந்தச் சான்றை முன்வைத்தார்கள், அவத் பகுதி விவசாயிகள் இதில் எங்கே வருகிறார்கள் என்பதை எழுதுங்கள். கொழுப்பு தடவிய தோட்டா பற்றி அங்கே யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

கே: பாயிண்ட் பாயிண்டாக எழுதினால் சீக்கிரம் முடியுமே?

ஜி.எஸ்.-ல் தாராளமாக எழுதலாம். ஆப்ஷனலில் காரணங்களை அடுக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். ஒரு கருத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பு முக்கியமாகும்போது பத்தியாகவே எழுதுங்கள்.

கே: திருத்துபவர் சொற்களை எண்ணுவாரா?

உட்கார்ந்து எண்ண நேரம் இருக்காது. ஆனால் வரம்பு குறிப்பிட்ட இடத்தில் அதைப் பின்பற்ற வேண்டும் என்று அறிவுரைப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து, இருபது சொல் கூடினால் கவலை வேண்டாம்.

கே: சார்/மேடம், கடைசி 10 நிமிடம். இன்னும் 20 மதிப்பெண் ஒன்று, 15 ஒன்று பாக்கி. என்ன செய்வது?

இரண்டையும் தொடுங்கள். ஒன்றை முழுமையாக எழுதி மற்றதை வெறுமனே விடாதீர்கள். ஒரு விடையின் முதல் பாதி மதிப்பெண்கள் எளிதாக விழும், கடைசி இரண்டு மூன்று மதிப்பெண்ணுக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். ஆகவே 20-க்கு 6 நிமிடம், 15-க்கு 4. முன்னுரையை விட்டுவிடுங்கள். முதல் வரியில் உங்கள் பதில், கீழே சான்றோடு ஐந்தாறு பாயிண்ட், கடைசியில் ஒரு வரி. வாக்கியம் முடியாமல் இருந்தாலும் ஆண்டும் பெயரும் விழுந்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: நேரம் போகிறதே என்று வேறு கேள்விக்குத் தாவி, அரைகுறையாக எழுதியதை அடிக்காமல் விட்டால் அதுவும் விடையாகவே எண்ணப்படும். ஐந்துக்கு மேல் போனால் வரிசைப்படி முதலில் இருப்பதைத்தான் எடுப்பார்கள். அதனால் கைவிட்டதைக் குறுக்கே அடித்துவிடுங்கள்.

கே: வீட்டில் எப்படிப் பழகுவது? தினமும் ஒரு விடை எழுதுகிறேன்.

ஒற்றை விடை பழகுவது தொடக்கத்தில் நல்லது. ஆனால் தனியாக ஒரு 20 மதிப்பெண் எழுதும்போது நேரம் 17, 18 நிமிடம் ஆனாலும் உறைக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது முழுதாக ஒரு 50 மதிப்பெண் கேள்வியை, மூன்று பிரிவுகளோடு, 36 நிமிடத்தில் எழுதுங்கள். அலாரம் அடித்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் பேனாவை வையுங்கள். பிறகு வேறு நிறப் பேனாவால், கேள்விக்குப் பதில் சொல்லாத வரிகளை அடியுங்கள். ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அடிபடும், பயப்படாதீர்கள்.

உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்று ஒருமுறை எண்ணி வையுங்கள். அதற்குப் பின் சொற்களை எண்ண வேண்டியதில்லை, பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

கே: எந்தக் கேள்வியில் தொடங்குவது? வரைபடமா?

வரைபடத்திலேயே தொடங்கலாம். அது பெரும்பாலும் நினைவு சார்ந்தது, கையும் பழகிவிடும். தெரியாத இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்காமல், கொடுத்திருக்கும் குறிப்பை வைத்து ஓர் ஊகத்தை எழுதிவிட்டு நகருங்கள். இந்தத் தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அடுத்து மிக நன்றாகத் தெரிந்த கேள்வியை இரண்டாவதாக வைக்காமல், ஓரளவு தெரிந்ததை எழுதுங்கள். பிடித்த கேள்வி மூன்றாவதாக வரட்டும். அப்போது கடிகாரம் பாதியை நெருங்கியிருக்கும், எல்லை மீறத் தோன்றாது. 5-ம் கேள்வியின் ஐந்து சிறு விடைகளைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், அவற்றில் ஒவ்வொன்றுக்கும் புதிதாக யோசிக்க வேண்டும், களைத்த தலைக்கு அது கடினம்.