கொல்கத்தாவுக்குப் போன ஏடுகள்

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரியில் ஆசிரியை. மே விடுமுறையில் குடும்பத்தோடு கொல்கத்தா போகிறோம். தேசிய நூலகத்தையும் அங்குள்ள அருங்காட்சியகத்தையும் பார்க்க எனக்கு ஆசை. "ஊட்டியிலேயே பழைய நூலகம் இருக்கே, இதுக்கு ஒரு நாளா?" என்கிறார் கணவர். தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைப் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளையின் ஏடுகள் தமிழ்நாட்டை விட்டு அங்கே போனதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

போங்கள். 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் அழகானதுதான், ஆனால் அது உறுப்பினர்களுக்கானது. கொல்கத்தா அப்படியல்ல. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி அங்கே போயாக வேண்டும். (என் பதிப்பாளர் அனுப்பினாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

தேசிய நூலக வளாகத்தில் உள்ள பெல்வடேர், வங்காளத் துணைநிலை ஆளுநர்கள் குடியிருந்த மாளிகை. 1953இல் மௌலானா ஆசாத் அதை நூலகமாகத் திறந்து வைத்தபோது நூலகராக இருந்தவர் மயிலாப்பூரில் பிறந்த பி.எஸ். கேசவன். 2010இல் அங்கே கதவே இல்லாத அறை ஒன்று தென்பட, புதையல் என்றும் சித்திரவதைக் கூடம் என்றும் பேச்சு கிளம்பியது. கடைசியில் உள்ளே இருந்தது வெறும் மண்! மாளிகையில் இப்போது புத்தகங்களைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது சொற்களுக்கான அருங்காட்சியகம். படிப்பதெல்லாம் அதே வளாகத்தில் 2004இல் திறந்த பாஷா பவனில்தான்.

சரி, வையாபுரிப் பிள்ளை. தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் சேர்த்த ஏறத்தாழ 3000 நூல்களும் 300க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் அங்கே இருக்கின்றன. எனக்கும் முன்பு உங்களைப் போலவே வருத்தம் இருந்தது. அப்புறம் எங்கள் பக்கத்துச் சிறு நூலகம் ஒன்றில் ஒரு ஆடி மாதச் சாரலில் கூரை ஒழுகியது. மறைந்த தமிழாசிரியர் ஒருவர் கொடுத்த ஒரு பீரோ நிறையப் புத்தகங்கள், பக்கத்தோடு பக்கம் ஒட்டி, பூஞ்சை பூத்து, பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போயின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு கொல்கத்தா எனக்குத் தூரமாகத் தெரியவில்லை. அங்கே போய்க் கேட்டுப் படிக்கிறவர்கள் குறைவு என்பதுதான் இப்போது என் வருத்தம்.

அந்தத் தொகுப்பைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஆதார் அட்டையை மறக்க வேண்டாம். மே மாதக் கொல்கத்தா வெயிலைக் கோத்தகிரி உடம்பு தாங்காது, காலையிலேயே போய்விடுங்கள். கணவரையும் பிள்ளைகளையும் அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவிடலாம், பக்கத்திலேயேதான் இருக்கிறது.